கொம்புள்ள ஆண் மான் மட்டும்

இந்த வாரம் பிழைகள் மலிந்திருந்தால் அச்சுக் கோப்பவரை வையாதீர்கள். இடது கையால் எழுதுகிறேன். வலது தோள் வீங்கி, முற்றிய கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. பேனாவைத் தொட்டால் கை எனக்குச் சம்பந்தமில்லாதது போல நடுங்குகிறது.

"எங்கே சார் விழுந்தீங்க?" என்று ஆபீசில் கேட்காதவர்கள் இல்லை.

விழவில்லை. வேட்டைக்குப் போனேன்.

சிரிக்காதீர்கள். என் மனைவி உங்களுக்கெல்லாம் சேர்த்துச் சிரித்துவிட்டாள். "எலிப்பொறி வெக்கச் சொன்னா நாலு தெரு சுத்திட்டு வர்ற ஆளு..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். பேசாமல் போய் வெந்நீர் போட்டாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் பாதியில் நிறுத்திய வாக்கியம் அது ஒன்றுதான். அப்படி என்ன இருந்தது என் முகத்தில்?

சொல்கிறேன்.

என் நண்பன் அந்தோணி பெங்களூர் மர்பி டவுன்காரன். ஃபாக்டரி ஒன்றில் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறமாட்டான். மாதாவுக்கு அடுத்தபடி அவன் பக்தி வைத்திருப்பது, மாமனார் சீதனமாகக் கொடுத்த இரட்டைக் குழல் துப்பாக்கியின் மேல். மனைவியோடு சண்டை வந்தால்கூடத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட மறக்கமாட்டான்.

பெங்களூரிலிருந்து வேட்டைக்குக் கிளம்புகிற கோஷ்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? துப்பாக்கி யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கும். ஆனால் கூடவே ஒரு பாய் இருப்பார். மான் விழுந்ததும், உயிர் போவதற்குள், ஆண்டவன் பெயரைச் சொல்லிக் கழுத்தில் கத்தி வைக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கறி எல்லார் வீட்டுக்கும் போகும். செத்த பிறகு வைத்தால் செல்லாது. ஆகவே சுட்டவன் குழலை இறக்குவதற்குள் பாய் ஓடியாக வேண்டும். யார் மானைச் சுட்டான் என்பதைவிட யார் வேகமாக ஓடினார் என்பதில்தான் அன்றைய சாப்பாடு இருக்கிறது.

எங்களுக்குக் கரீம் பாய். சிவாஜிநகரில் கறிக்கடை. ஐம்பதை நெருங்கும் வயது, சற்றே தொந்தி. ஆனால் கத்தி கையில் ஏறிவிட்டால் பந்தயக் குதிரை.

இந்த இருவரும் வருஷா வருஷம் போகிறவர்கள். இந்த வருஷம் நடுவில் நான் எப்படி நுழைந்தேன்?

அங்கேதான் சர்க்கார் வருகிறது. துப்பாக்கிக்கு ஒரு லைசென்ஸ் என்பது உங்களுக்குத் தெரியும். காட்டில் சுடுவதற்குத் தனியாக இன்னொன்று உண்டு. பருவம் முடிந்ததும், என்னென்ன சுட்டோம் என்று அதன் பின்பக்கத்தில் எழுதி, காட்டிலாகா ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவனுக்கு அடுத்த பருவத்தில் லைசென்ஸ் கிடையாது. அந்தோணி கொடுக்கவில்லை. மறந்துவிட்டானாம்.

"உன் பேர்ல வாங்கிடலாம்டா" என்றான். "பேருக்குத்தான். நீ ஒரு கல்லு மேல உக்காந்து பொடி போட்டுக்கிட்டு இரு. சுடறதெல்லாம் நான்."

எழுதிக் கொடுத்தேன், பணம் கட்டினேன். லைசென்ஸ் வந்தது, கூடவே அச்சடித்த விதிகள். வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷம் ஆகிறது. அவன் இங்கிலீஷ் மட்டும் காட்டிலேயே தங்கிவிட்டது. பெட்டை மானைச் சுடாதே. கொம்பின் மேல் தோல் உரியாத ஆணைச் சுடாதே. சூரியன் உதிக்கும் முன் சுடாதே, மறைந்த பின் சுடாதே. தண்ணீர் குடிக்க வரும் இடத்தில் பதுங்கியிருந்து சுடாதே. காயம்பட்டதைத் தேடாமல் விட்டுவிட்டு வராதே.

அப்புறம் கட்டணங்கள். முயலும் கவுதாரியும் என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு. புள்ளிமானும் கடமானும் கொஞ்சம் வசதியானவர்களுக்கு. புலி, பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு. அதற்குத் தனி அனுமதி வேறு. யானை யாருக்குமே கிடையாது, மதம் பிடித்தது என்று சர்க்காரே அறிவித்தால் ஒழிய. கல்யாணத் தரகரிடம்கூட இவ்வளவு தெளிவான வரிசை இல்லை.

நாங்கள் பணம் கட்டியது ஒரே ஒரு புள்ளிமானுக்கு. கொம்புள்ள ஆண் மான் மட்டும்.

உண்மையைச் சொல்லட்டுமா? அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதும் மீசையைத் தடவத் தோன்றியது. நமக்கெல்லாம் இது ஒரு வியாதி. ரப்பர் ஸ்டாம்ப் விழுந்துவிட்டால் திறமையும் கூடவே விழுந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. சாயங்காலப் பூசைக்குத் திரும்பிவிடலாம் என்று அந்தோணி கணக்கு. அந்தோணி எங்கேயோ இரவல் வாங்கிய ஜீப்பில் சிவாஜிநகர் போனோம். கரீம் பாய் வெளியே வந்தார். பின்னாலேயே அவர் வீட்டம்மா, முக்காட்டை இழுத்துவிட்டபடி வாசல் வரை வந்து என்னிடம் சொன்னார்:

"அண்ணா, கத்தி கையிலே இருந்தா இவருக்குக் கண்ணு தெரியாது. முன்னாடி என்ன இருக்குன்னு பாக்காம ஓடுவாரு. நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க."

"நான் இருக்கேன், தங்கச்சி" என்றேன். எவ்வளவு பெரிய மனிதனாகச் சொன்னேன், தெரியுமா?

கனகபுராவைத் தாண்டி ஜீப் காட்டுப் பாதையில் திரும்பியபோது பனி இறங்கியிருந்தது. பெங்களூர்ப் பனி நமக்குத் தெரியும். அல்சூர் ஏரி மேல் கொஞ்சம் மிதக்கும், காபி குடித்து முடிப்பதற்குள் கலைந்துவிடும். இது வேறு ஜாதி. மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. நாங்கள் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது என்றுகூடச் சொல்வேன்.

அதற்குள்ளிருந்து காட்டிலாகா கார்டு புட்டையா வந்தார். காக்கிச் சட்டை, காதை மூடிய மஃப்ளர், கையில் கடிகாரம். கன்னடக்காரர். தமிழும் பேசுவார், அவர் பாணியில்.

"லைசென்ஸ் யாரது, ஸ்வாமி?"

அந்தோணி என்னைக் காட்டினான்.

"கோவி யாரது?"

துப்பாக்கியை உயர்த்திக் காட்டினான். "என்னுது."

"சுடறது?"

"நான்தான்."

புட்டையா லைசென்ஸை மடித்து என் பையிலேயே திரும்ப வைத்தார். "ஆகல்ல. யாரு பேர்ல இருக்கோ அவருதான் சுடணும். கோவிக்காரரு பக்கத்துல நிக்கட்டும், பரவால்ல. விரலு மட்டும் இவரதா இருக்கணும்."

"நான் கண்ணாடி போட்டவன்..." என்றேன்.

"கண்ணாடி போட்டவங்க சுடக்கூடாதுன்னு ரூல் இல்லை, ஸ்வாமி."

"எனக்குச் சுடத் தெரியாது."

"தெரிஞ்சிருக்கணும்னும் ரூல் இல்லை."

திரும்பிப் போய்விடலாம் என்று நான் சொன்னது உண்மை. சத்தமாகச் சொல்லவில்லை என்பதும் உண்மை. அந்தோணி அங்கேயே நின்று பாடம் நடத்தினான். "ரெண்டு விசை இருக்கு. முன்னாடி இருக்கறது ஒரு குழலுக்கு, பின்னாடி இருக்கறது இன்னொண்ணுக்கு. தோள்ல இறுக்கி அமுக்கிப் பிடி. முன்விசையை மட்டும் இழு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." கரீம் பாய் சிரித்தார். "பயப்படாதீங்க மொதலியாரே. நீங்க தொட்டா போதும். மீதிக்கு நான் ஓடறேன்."

மான்கள் மேய்ந்துவிட்டுத் திரும்புகிற தடத்தில், ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம்.

உட்கார்ந்தோம் என்றால்... எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சூரியன் உதிக்கும் முன் சுடக் கூடாதே! ஆனால் சூரியன் எங்கே? மேலே வெள்ளை, கீழே வெள்ளை, எதிரே வெள்ளை. புட்டையாவின் கடிகாரம்தான் எங்கள் சூரியன். அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் உதயமாகல்ல" என்று கிசுகிசுப்பார். கொஞ்சம் கழித்து மறுபடி பார்ப்பார். கடைசியில், "ஆச்சு. உதயம்" என்றார்.

ஒன்றுமே மாறவில்லை. அதே வெள்ளை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சத்தம் இல்லை. காட்டில் விடியும்போது குரங்கு, குருவி, காட்டுக்கோழி என்று ஏதாவது கத்தும் என்பார்கள். இங்கே இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூட யோசித்து யோசித்துச் சொட்டியது.

"மார்க்கெட் லீவு நாள் மாதிரி இருக்கு" என்றார் கரீம் பாய், மெதுவாக.

யாரோ என் பின்கழுத்தைப் படித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பனிதான். மறுபடி திரும்பிப் பார்த்தேன். "ஆடாதடா" என்று அந்தோணி என் தொடையைக் கிள்ளினான்.

பிறகு கொம்பு வந்தது.

கொம்பு மட்டும். பனிக்கு மேலே, கிளை விட்ட ஒரு ஜோடிக் கொம்பு, தானாக நடந்து வந்தது. அதற்குக் கீழே தலை இல்லை, உடம்பு இல்லை, கால் இல்லை. நின்றது. இடது பக்கம் திரும்பியது. என்னை நோக்கித் திரும்பியது. கண் இல்லாத ஒன்று உங்களைப் பார்த்திருக்கிறதா? என்னைப் பார்த்தது.

"கீழே, கீழே" என்று அந்தோணி மூச்சுவிட்டான். கொம்புக்குக் கீழே எங்கேயோ உடம்பு இருக்கும் என்ற நம்பிக்கையில் குழலை இறக்கினேன். தோளில் அமுக்கிப் பிடிக்க மறந்தேன். முன்விசையை இழுத்தேன்.

மாடு முட்டியது போல இருந்தது. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி உதட்டுக்கு வந்தது. கொம்பு ஒரு முறை கீழே போயிற்று, மேலே வந்தது, மூங்கில் புதர்ப் பக்கம் சரிந்து மறைந்தது.

"பட்டுடுச்சு!" என்று கத்தினான் அந்தோணி.

கரீம் பாய் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பியும் கத்தியும் ஒரு கணம் தெரிந்தன. பனி ஒரு கதவைப் போல அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

நான் கண்ணாடியை மேலே தள்ளினேன். மூங்கில் ஓரத்தில், தாழ்வாக, ஏதோ அசைந்தது.

அடுத்து நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. என் விரல் செய்தது. இரண்டாவது குழலும் வெடித்தது.

புகையும் பனியும் ஒன்றாகக் கலந்தன. அந்தோணி துப்பாக்கியை என் கையிலிருந்து பிடுங்கினான்.

"எதைடா சுட்ட?"

"மான்... மான் அசைஞ்சது..."

"அங்கே பாய்தான்டா ஓடினாரு!"

அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

"பாய்!" என்று கத்தினான். எதிரே எங்கேயோ ஒரு பாறை, "...ஆய்" என்றது. அவ்வளவுதான். மறுபடி கத்தினான். மறுபடி பாறைதான் பதில் சொன்னது. அந்தப் பதில் முதல் தடவையைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்ததாக எனக்குப் பட்டது.

ஒரு விஷயம் சொல்கிறேன், என்னைப் பற்றி மட்டமாக நினைக்காதீர்கள். பாறையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், லைசென்ஸின் பின்பக்கம் என் கண் முன் வந்தது. 'சுட்ட பிராணி. ஆணா, பெண்ணா. கொம்பின் நீளம்.' என் மூளை உட்கார்ந்து பதில் எழுத ஆரம்பித்துவிட்டது. ஆண். கொம்பு இல்லை.

சிரிப்பு வந்தது. யாரோ எனக்குள் உட்கார்ந்து சிரிப்பது போல ஒரு சிரிப்பு. அந்தோணி என்னை உலுக்கியபோதுதான் நின்றது.

"போகணும் ஸ்வாமி" என்றார் புட்டையா. அவர் குரலும் சரியாக இல்லை. "காயம்பட்டதைத் தேடாம வரக்கூடாது."

"எதை?" என்று கேட்டேன்.



அந்தோணி இரண்டு குழலிலும் புதுத் தோட்டாவை அடைத்து, துப்பாக்கியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டான். லைசென்ஸ் யார் பெயரில் என்று புட்டையா கேட்கவில்லை. அவர் முன்னால், அந்தோணி நடுவில், நான் கடைசியில். கடைசியில் நடப்பதும் பயம், முன்னால் நடப்பதும் பயம். நடுவில் நடக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

முதலில் தொப்பி கிடைத்தது. முள்ளில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது, ஆணியில் மாட்டி வைத்தது போல.

அப்புறம் மூங்கில் இலையில் ரத்தம். புதிது. இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"மான் ரத்தம்தானே, அந்தோணி? மான் ரத்தம்தானே?"

அவன் அதை விரலில் தொட்டுப் பார்த்தான். ரத்தத்தைப் பார்த்து அது எதனுடையது என்று சொல்லக்கூடியவர் எங்களில் ஒருவர்தான். அவரைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

அடுத்து கத்தி. ஒரு பெரிய மரத்தடியில் சருகு மேல் கிடந்தது. துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. அப்படியானால் அது எந்தக் கழுத்திலும் படவில்லை. கத்தியை விட்டுவிட்டு கரீம் பாய் எங்கே போவார்? கத்திக்குப் பக்கத்திலிருந்து ஒரு தடம் தொடங்கியது. மூட்டையை இழுத்துக்கொண்டு போனது போல, புல்லை அமுக்கிக்கொண்டு, மூங்கிலுக்குள் போயிற்று. நாங்கள் பார்க்கப் பார்க்க அந்தப் புல் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தது.

"தவழ்ந்து போயிருக்காரு" என்றேன். "உயிரோட இருக்காரு. தவழ்ந்து போயிருக்காரு."

மூவரும் தரையைப் பார்த்தபடியே நடந்தோம். என் காதில் அந்த அம்மாள் குரல். 'நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க, அண்ணா.' சிவாஜிநகரில் அந்த வாசலில் போய் நின்று, எந்த வாயால் என்ன சொல்வேன்? 'தங்கச்சி, லைசென்ஸ் வைத்துக்கொண்டுதான் சுட்டேன்' என்றா?

மூங்கிலுக்கு நடுவே ஒரு சிறு ஓடை. தண்ணீர் இல்லை, ஈரமணல்தான். அங்கே புட்டையா நின்றார். நின்றவர் அப்படியே நின்றார். அந்தோணி எட்டிப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

மணலில் ஒரு பாதம். சாப்பாட்டுத் தட்டு அளவு. விரல்கள் பதிந்த குழிகளில் தண்ணீர் அப்போதுதான் ஊறி ஊறி நிரம்பிக்கொண்டிருந்தது. அதாவது, அந்தப் பாதம் அங்கிருந்து எடுக்கப்பட்டு அதிக நேரமாகவில்லை.

"ஹுலி" என்றார் புட்டையா, உதட்டை மட்டும் அசைத்து.

பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன் நான். கன்னடத்தில் புலிக்கு என்ன வார்த்தை என்று தெரியாமலிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்?

ஒரு நிமிஷத்தில் முழுக் கதையும் எனக்கு விளங்கிவிட்டது. நான் சுட்டேன். அவர் விழுந்தார். அது எடுத்துக்கொண்டு போய்விட்டது. மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். முருகா என்றேனோ, மாதாவே என்றேனோ... அந்த நேரத்தில் யார் காதில் விழுந்தாலும் சரி என்றிருந்தது.

டொக்.

பின்னாலிருந்து. மரத்தில் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

டொக், டொக்.

மூவரும் திரும்பினோம். கத்தி கிடந்த அந்தப் பெரிய மரம். அதன் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு கரீம் பாய் நின்றுகொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை. வாய் திறந்திருந்தது. உதட்டில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நாங்கள் அவரைக் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போயிருக்கிறோம், தரையையே பார்த்துக்கொண்டு. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பா..." என்று ஆரம்பித்தேன். உள்ளங்கையை என் பக்கம் காட்டினார். அந்தக் கை, பிறகு மெதுவாகத் திரும்பி, எங்களுக்குப் பின்னால் ஓடைக்கு அக்கரையைக் காட்டியது.

அப்போது கேட்டது. கரும்பு ஒடிப்பது போல ஒரு சத்தம். நின்றது. கனமாக ஒரு மூச்சு. மறுபடி ஒடிந்தது.

நால்வரும் எப்படி வெளியே வந்தோம் என்று கேட்காதீர்கள். முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே, ஒவ்வொரு அடியாக வைத்து வந்தோம். மரத்தைக் கடக்கும்போது கரீம் பாயின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் இடுப்புக்குப் பக்கத்தில் பட்டை பெயர்ந்து, மரம் வெள்ளையாகத் தெரிந்தது. குண்டுகள் துளைத்த இடம். மண்டியிட்ட மனிதன் தலை உயரம். அதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"காயம்பட்டதைத் தேடணும்னு ரூல்..." என்று புட்டையாவிடம் கிசுகிசுத்தேன். பயத்தில் என் வாய் இப்படித்தான் உளறும்.

"ரூல் ஆபீஸ்ல இருக்கு, ஸ்வாமி. நாம இங்கே இருக்கோம். சும்னே நடீரி" என்றார் அவர். பேசாமல் நட என்று அர்த்தம். நடந்தேன்.

ஜீப்புக்கு வந்ததும் வெயில் வந்தது. எங்கேயோ ஒரு குரங்கு கத்தியது. எல்லாம் எங்களுக்காகவே காத்திருந்தது போல. கரீம் பாய் ஒரு கூஜாத் தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஓடிப்போனேன். மரத்தடியிலே மண்டி போட்டிருந்துச்சு மான். உயிர் இருக்கு. இடது கையை அது கழுத்து மேல வெச்சேன். ஆடு, மாடு எல்லாம் நம்ம கை பட்டா நம்மளைத்தான் பாக்கும், மொதலியாரே. முப்பது வருஷமா பாக்கறேனே? இது என்னைப் பாக்கல. என் தோளுக்குப் பின்னாடி பாத்துச்சு."

கரீம் பாய் பின்கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"நான் திரும்பல. திரும்பக்கூடாதுன்னு யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு. பின்கழுத்துல சூடா காத்து. அப்பத்தான் உங்க குண்டு வந்து மரத்துல அடிச்சுது. கத்தி நழுவிடுச்சு. ஜவுளிக்கடையிலே கட்டுலேர்ந்து துணியை உருவுவாங்களே... அந்த மாதிரி என் கை கீழேருந்து மானை உருவிக்கிட்டுப் போயிடுச்சு. பாக்கல ஜீ. என்னதுன்னு நான் பாக்கவே இல்ல."

"நாங்க கூப்பிட்டோமே, பாய்!" என்றான் அந்தோணி. "ஏன் பதில் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? சொன்னா அதுக்குக் கேக்கும்." என் பக்கம் திரும்பினார். "இவருக்கும் கேக்கும்."

அந்தோணி நல்லவன். பேச்சை மாற்ற நினைத்து, "எப்படியோ, ரெண்டாவது வெடிச் சத்தத்துலதான் அது உங்களை விட்டுட்டு மானைத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கு. இவன்தான் உங்களைக் காப்பாத்தினான்னு வெச்சுக்கலாம்" என்றான்.

இது எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்! நிமிர்ந்து உட்கார்ந்தேன். கத்தரிக்காய்த் தோளில்கூட வலி குறைந்தது. கை தானாக மீசைக்குப் போயிற்று.

கரீம் பாய் கன்னத்தில் ஒட்டியிருந்த மரச் சிராய் ஒன்றைப் பிடுங்கி, என் மடியில் வைத்தார்.

"காட்டுல ரெண்டு பேர் என்னைக் குறி வெச்சாங்க, அந்தோணி. அதுல ஒருத்தர்கிட்டே லைசென்ஸ் இருந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்."

கையை மீசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

புறப்படும் நேரத்தில் புட்டையா லைசென்ஸை வாங்கி, பின்பக்கத்தில் 'புள்ளிமான், ஆண், ஒன்று' என்று எழுதினார். "மானைக் கண்ணாலகூடப் பாக்கலியே!" என்று கெஞ்சினேன். "சுட்டது நீங்க. தின்னது யாருங்கறது சர்க்காருக்கு வேண்டாம், ஸ்வாமி" என்றார். ஆக, கட்டணம் கட்டிய கோஷ்டி பட்டினி. கட்டாதவர் ஓடை ஓரத்தில் விருந்து. இது காட்டில் மட்டும் நடக்கிற சங்கதியா என்ன?

சிவாஜிநகருக்குத் திரும்பினோம். வாசலில் அந்த அம்மாள் பெரிய பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். மசாலா அரைக்கும் வாசனை தெரு முனைக்கே வந்தது.

"மான் எங்கே, அண்ணா?"

நான் கரீம் பாயைப் பார்த்தேன். ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும். அதற்குப் பிறகு அந்த வாசலில் எனக்கு அண்ணன் ஸ்தானமும் கிடையாது, ஒரு வாய்த் தண்ணீரும் கிடையாது.

அவர் ஜீப்பிலிருந்து மெதுவாக இறங்கி, கால்களைத் தரையில் ஊன்றி, அவை இரண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பவர் போல நின்றார்.

"தப்பிச்சிடுச்சு" என்றார். "மயிரிழையிலே."

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அவர் போவதைக் கரீம் பாய் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று நானும் என் மனைவியும் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போனோம். கரீம் பாய் கடையிலிருந்து எழுந்து வந்தார். நல்ல எலும்புக் கறியாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரேன்" என்று பேசிக்கொண்டே கூட வந்தார். வழி முழுக்க எனக்கு ஓர் அடி பின்னாலேயே வந்தார். நான் நின்றால் நின்றார். நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். அவர் இன்னும் மெதுவாக நடந்தார். எவ்வளவு முயன்றும் அவரை எனக்கு முன்னால் விட முடியவில்லை.

"உங்க மேல அவருக்கு எவ்வளவு மரியாதை, பாத்தீங்களா!" என்கிறாள் என் மனைவி.